மிச்சம் யாருக்கு?

அண்மையில் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு புதிர் போட்டேன். “நம் நாட்டு மண்ணுக்குள் இருக்கிறது. உலக நாடுகள் எல்லாம் அதைத் தேடுகின்றன. அது என்ன?” ஒருவர் பெட்ரோல் என்றார். ஒருவர் தங்கம் என்றார். ஓர் அம்மா தயங்காமல் “செம்பனை” என்றார். கடைசியில் கூலாயிலிருந்து அழைத்த ஒரு தம்பிதான் பிடித்தார். “அக்கா, ரேர் எர்த்!” சரி தம்பி, ரேர் எர்த் என்றால் என்ன என்று கேட்டேன். “அதான்கா, சைனா குடுக்க மாட்டேங்குதே, அது!”

சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், நம்மில் பலருக்கும் அந்தத் தம்பிக்குத் தெரிந்த அளவுதான் தெரியும். செய்தியில் அடிக்கடி வருகிறது, பெரிய பெரிய தொகைகள் வருகின்றன, அமெரிக்கா, சீனா என்று பேர்கள் வருகின்றன. நம் வீட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பது மட்டும் வருவதில்லை. இந்த வாரம் அதைப் பேசுவோம்.

அரிய மண் தனிமங்கள் என்று தமிழில் சொல்கிறோம். மொத்தம் 17. பெயரில்தான் அரியவை. பூமியில் பல இடங்களில் பரவிக் கிடக்கின்றன. ஆனால் ஒரே இடத்தில் குவிந்து கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அவற்றில் பல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி குணமும் ஒன்றுபோல இருப்பதால் அமிலம் ஊற்றி, கரைத்து, வடித்து, மறுபடி கரைத்து, நூற்றுக்கணக்கான படிகளில்தான் தனித்தனியாகப் பிரிக்க முடியும்.

இத்தனை பாடு எதற்கு? நியோடிமியம், பிரசியோடிமியம் என்ற இரண்டும் இரும்போடு சேர்ந்தால் மிகச் சிறிய அளவிலேயே மிகப் பெரிய இழுவிசை கொண்ட காந்தம் கிடைக்கிறது. ஒலிபரப்பு அறையில் நான் காதில் மாட்டியிருக்கும் ஹெட்போனிலும், உங்கள் கைப்பேசியின் ஒலிபெருக்கியிலும் இருப்பது அந்தக் காந்தம்தான். பெரும்பாலான மின்சாரக் கார்களின் மோட்டார்களிலும், கடலில் நிற்கும் ராட்சதக் காற்றாலைகளிலும் அதுவே. மோட்டார் சூடேறினாலும் காந்தம் வலுவிழக்காமல் இருக்க டிஸ்ப்ரோசியம், டெர்பியம் என்ற இன்னும் இரண்டைச் சேர்க்கிறார்கள். நிலக்கரியையும் பெட்ரோலையும் விட்டு வெளியே வர நினைக்கும் உலகத்துக்கு இவை இல்லாமல் வண்டி ஓடாது.

உலகில் இவற்றைப் பிரித்தெடுக்கும் வேலையில் ஏறக்குறைய 90 விழுக்காடு சீனாவிடம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏழு வகைத் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. சில வாரங்களில் ஜப்பானின் சுசூகி ஒரு கார் உற்பத்தியை நிறுத்தியது. அமெரிக்காவில் ஃபோர்டு ஒரு தொழிற்சாலையைத் தற்காலிகமாக மூடியது. நம்ம கூலாய்த் தம்பி சொன்னது பாதி சரி.

மீதிப் பாதி நம் நாட்டில் இருக்கிறது.

கெபேங்கில் நடப்பது

பகாங், குவாந்தான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கெபேங் என்ற தொழிற்பேட்டை. அங்கே ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனம் 2012 முதல் ஓர் ஆலையை நடத்தி வருகிறது. தாது அங்கே மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் சுரங்கத்தில் தோண்டப்படுகிறது. கப்பலில் குவாந்தானுக்கு வருகிறது. இங்கே பிரிக்கிறார்கள். பிரித்ததைக் காந்தம் செய்யும் நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். 2025 மே மாதம் அதே ஆலையில் டிஸ்ப்ரோசியமும், அடுத்த மாதம் டெர்பியமும் தனியாகப் பிரிக்கப்பட்டன. இந்தக் கனரக வகைகளைச் சீனாவுக்கு வெளியே வணிக அளவில் பிரித்த முதல் ஆலை என்று அந்த நிறுவனம் அறிவித்தது.

அதாவது, உலக மேசையில் மலேசியாவுக்கு ஒரு நாற்காலி ஏற்கெனவே இருக்கிறது. அது நம் மண்ணுக்காகக் கிடைத்த நாற்காலி இல்லை. பிரிக்கும் வேலைக்காகக் கிடைத்தது.

நம் சொந்த மண்ணிலும் இருக்கிறது. 16.1 மில்லியன் டன் அளவுக்கு இருக்கலாம் என்பது அரசாங்கத்தின் மதிப்பீடு. இந்தத் தொழில் 2025ல் நாட்டு வருமானத்துக்கு 9.5 பில்லியன் வெள்ளி சேர்க்கலாம், ஏறக்குறைய 7,000 பேருக்கு வேலை தரலாம் என்று 2023 செப்டம்பரில் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் நாடாளுமன்றத்தில் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். தோண்டிய மண்ணை அப்படியே வெளிநாட்டுக்கு விற்கக் கூடாது. அந்தத் தடை 2024 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. 2025 அக்டோபரில் அமெரிக்காவோடு கனிமங்கள் குறித்த உடன்பாடு கையெழுத்தானபோது தடை போய்விடுமோ என்று பலர் கேட்டார்கள். கச்சா மண்ணுக்கான தடை தொடரும் என்று முதலீடு, வர்த்தக அமைச்சு விளக்கம் தந்தது.

மண்ணாக விற்காதே, பொருளாக்கி விற்பனை செய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் இதில் ஒரு கணக்கு விட்டுப்போகிறது. மண்ணை விற்றால் லாபம் போய்விடும் என்று சொல்கிறோமே, பிரிக்கும் வேலையை இங்கே வைத்துக்கொண்டால் லாபத்தோடு வேறு என்ன இங்கே தங்கும்?

பழைய கணக்கு

மண்ணை அப்படியே ஏற்றி அனுப்பும் அனுபவம் ஜொகூருக்கு நிறைய உண்டு. பத்து பகாட் பக்கம் ஸ்ரீ மேடானில் 1920களின் தொடக்கத்திலேயே ஜப்பானியர்கள் இரும்புத் தாது வெட்டினார்கள். அது ஜப்பானின் எஃகு உலைகளுக்குப் போனது. பெங்கேராங் பக்கம் தெலுக் ரமுனியாவிலிருந்து அலுமினியத்தின் மூலப்பொருளான பாக்சைட் பல ஆண்டுகள் கப்பலேறியது. அந்த இரும்பில் செய்த கப்பலோ, அந்த அலுமினியத்தில் செய்த விமானமோ ஜொகூரில் உருவாகவில்லை.

பாக்சைட் கதை அண்மையில் மறுபடியும் நடந்தது, இந்த முறை குவாந்தானில். இந்தோனேசியா 2014ல் கச்சாத் தாது ஏற்றுமதியை நிறுத்தியதும் சீனா நம் பக்கம் திரும்பியது. புக்கிட் கோ ஃபெல்டா குடியேற்றக்காரர்களில் பலர் செம்பனையை வெட்டிவிட்டு நிலத்தைத் தோண்ட விட்டார்கள். 2015ல் மட்டும் 20 மில்லியன் டன்னுக்கு மேல் போனது. லாரி போன சாலை சிவப்பு, காயப்போட்ட துணி சிவப்பு, அந்த ஆண்டு கடைசியில் கடலோரத் தண்ணீரும் சிவப்பு. 2016 ஜனவரியில் அரசாங்கம் நிறுத்தி வைத்தது. தடையை எடுக்க 2019 மார்ச் மாதம் ஆனது.

ஈயம் இன்னும் பெரிய கதை. ஒரு காலத்தில் உலக ஈயத்தில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்து போனது. கிந்தா பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஈயக் குட்டைகள் தெரியும். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. குட்டைகள் மிஞ்சின. இன்னொன்றும் மிஞ்சியது. அதன் பெயர் அமாங்.

ஈயத்தை அலசி எடுத்த பிறகு ஒதுக்கித் தள்ளும் கனத்த மணல்தான் அமாங். அதற்குள் மோனசைட், செனோடைம் என்ற தாதுக்கள் உண்டு. அவற்றுக்குள்தான் அரிய மண் தனிமங்கள் இருக்கின்றன. கூடவே தோரியம் என்ற கதிரியக்கப் பொருளும் இருக்கிறது.

தோரியம் நமக்குப் புதிது இல்லை. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கு உங்கள் தாத்தா பாட்டிக்கு ஞாபகம் இருக்கும். அதற்குள் வலைப்பை மாதிரி ஒரு மேண்டில் கட்டுவார்கள். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். அந்த வெள்ளை ஒளி தோரியத்திலிருந்து வந்தது. நூற்றுக்கு 99 பங்கு தோரியம், ஒரு பங்கு சீரியம் என்ற அரிய மண். அந்தக் காலத்து ஐரோப்பிய விளக்குத் தொழிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது. இதற்கான மோனசைட் மணல் கன்னியாகுமரிக் கடற்கரையில் இருப்பது 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மூலம் தெரியவந்தது. திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். மணவாளக்குறிச்சியில் இந்திய அரசின் மணல் ஆலை இன்றும் இருக்கிறது.

கவனியுங்கள். அன்று தோரியம் சரக்கு, அரிய மண் பெரும்பாலும் வேண்டாத மிச்சம். இன்று அரிய மண் சரக்கு, தோரியம் வேண்டாத மிச்சம். மிச்சம் எது என்பதைச் சந்தை முடிவு செய்கிறது. அந்த மிச்சத்தோடு வாழ்வது மட்டும் பக்கத்துக் கம்பத்து மக்கள்.

புக்கிட் மேரா

ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேரா புதுக்கிராமம். 1982ல் ஏசியன் ரேர் எர்த் என்ற ஆலை அங்கே வேலையைத் தொடங்கியது. ஜப்பானின் மித்சுபிஷி கெமிக்கல் அதில் பங்கு வைத்திருந்தது. அமாங்கிலிருந்து எடுத்த தாதுவைக் கொண்டுவந்து, அன்றைய வண்ணத் தொலைக்காட்சித் திரைகளுக்குத் தேவைப்பட்ட இட்ரியத்தைப் பிரித்தார்கள். தோரியம் கலந்த கழிவு மிஞ்சியது. ஆலைக்குப் பக்கத்திலேயே கொட்டப்பட்டது.

குழந்தைகள் நோய்வாய்ப்பட்டார்கள். ரத்தப் புற்றுநோய்கள் பதிவாயின. ஆலைதான் காரணம் என்பதை நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. 1985ல் குடியிருப்பாளர்கள் 8 பேர் ஈப்போ உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்களுக்காக உழைத்த வழக்கறிஞர்களில் ஒருவர் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் மீனாட்சி ராமன். 1987 அக்டோபரில் நடந்த ஒப்பராசி லாலாங் கைது நடவடிக்கையில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டவர்களில் அவரும் உண்டு. வெளியே வந்தார், வழக்கு தொடர்ந்தது. 1992 ஜூலை 11ல் உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 கடைசியில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. வழக்கில் கம்பத்து மக்கள் தோற்றார்கள். ஆனாலும் 1994ல் நிறுவனம் ஆலையை மூடிவிட்டது.

அதற்குப் பிறகுதான் பெரிய செலவு. ஆலை இடித்து, அசுத்தமான மண்ணையும் கழிவையும் அள்ளி, பக்கத்து மலையில் புதைத்து மூட ஏறக்குறைய 100 மில்லியன் அமெரிக்க டாலர் ஆனதாக 2011ல் செய்திகள் வந்தன. ஓடியது பன்னிரண்டு ஆண்டு. துப்புரவு அதைவிட நீண்டது.

கெபேங் ஆலை வந்தபோது மக்கள் ஏன் பயந்தார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும். 2012 நவம்பரில் குவாந்தானிலிருந்து கோலாலம்பூர் வரை 300 கிலோமீட்டர் நடந்தே போனார்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியத் தாதுவில் தோரியம் அமாங் அளவுக்கு இல்லை. அனைத்துலக அணுசக்தி அமைப்பின் குழு வந்து பார்த்திருக்கிறது. விதிகளைப் பின்பற்றுவதாக நிறுவனம் சொல்கிறது. ஆனால் தோரியம் கலந்த கழிவு 2018லேயே 450,000 டன்னை எட்டியிருந்தது. அதை எங்கே நிரந்தரமாக வைப்பது என்ற இழுபறி ஆண்டுக்கணக்கில் நீண்டது. தோரியத்தின் கதிரியக்கம் பாதியாகக் குறைய 14 பில்லியன் ஆண்டு ஆகும். எந்த நிறுவனத்தின் உரிமமும் அவ்வளவு காலம் செல்லாது.

நம்ம வீட்டுக் குழாய்

“இது பகாங் கதை, பேராக் கதை. ஜொகூருக்கு என்ன?” என்று கேட்கலாம்.

புதிதாகத் தோண்டப் பார்ப்பது களிமண்ணில் ஒட்டியிருக்கும் அரிய மண். இதில் தோரியம் மிகக் குறைவு. ஆகவே கதிரியக்கம் இல்லாத வகை என்று அரசாங்கம் சொல்கிறது. உண்மைதான். ஆனால் எடுக்கும் முறையைப் பாருங்கள். மலையில் துளையிட்டு, அம்மோனியம் சல்பேட் கரைசலை உள்ளே செலுத்தி, கீழே வடிந்து வருவதைப் பிடிக்கிறார்கள். பேராக், கெனெரிங்கில் 2022 முதல் ஒரு முன்னோடித் திட்டம் இப்படித்தான் நடக்கிறது. கவனமாகச் செய்தால் மலையை வெட்ட வேண்டியதில்லை. கவனம் தவறினால் கரைசல் ஆற்றுக்குப் போகும். தென் சீனாவிலும் மியன்மாரின் கச்சின் மாநிலத்திலும் அதுதான் நடந்தது.

அம்மோனியா ஆற்றில் கலந்தால் என்ன ஆகும் என்று ஜொகூர்க்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 2019 ஏப்ரலில் சுங்கை ஜொகூரில் அம்மோனியா அளவு கூடி, நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. குழாய் காற்றை ஊதியது. வாளியோடு தண்ணீர் லாரிக்காக நின்றவர்களில் உங்களில் பலர் இருந்திருப்பீர்கள். அதே ஆற்றிலிருந்துதான் 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூரும் ஒரு நாளைக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கிறது. அன்று வந்த அம்மோனியாவுக்கும் அரிய மண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. ஒரு நதி எவ்வளவு எளிதில் கெடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம். ரசாயனக் கழிவை யாரோ இரவோடு இரவாக ஆற்றில் கொட்டிவிட்டுப் போனார்கள். பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்த ரசாயனத்தால் வந்த லாபம் எந்த நிறுவனத்தின் கணக்கிலோ சேர்ந்திருக்கும். மிச்சம் நம் பிள்ளைகளின் நுரையீரலுக்குப் போனது.

என்ன கேட்கலாம்?

அதற்காக, அரிய மண்ணே வேண்டாம் என்று சொல்லலாமா? அது எளிது. ஆனால் நேர்மையாகாது. மின்சாரக் கார் வேண்டும், கைப்பேசி வேண்டும், புகையில்லாத வானம் வேண்டும், அதற்கான அழுக்கு வேலை மட்டும் வேறு யாருடைய ஊரிலாவது நடக்கட்டும் என்றால், புக்கிட் மேராவை நாம் கச்சினுக்கு மாற்றிவிட்டோம் என்றுதான் அர்த்தம். அங்கேயும் ஆற்றங்கரையில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நான் கேட்பது, விலையில் மிச்சத்தின் செலவையும் சேருங்கள் என்பதுதான். ஆலை திறக்கும் முன்பே துப்புரவுக்கான பணத்தைத் தனியாகக் கட்டி வைக்க வேண்டும். கழிவின் நிரந்தர இடம் முதல் லாரி வருவதற்கு முன்பே தெரிய வேண்டும். ஆற்று நீரின் சோதனை முடிவுகள் ஒவ்வொரு மாதமும் கம்பத்து மக்கள் படிக்கும் மொழியில் வெளியாக வேண்டும். இதனால் நம் பொருளின் விலை கூடும். கூடட்டும். சீனாவை மட்டும் நம்பியிருக்க விரும்பாத நாடுகள் இன்று கொஞ்சம் கூடுதலாகத் தரத் தயாராக இருக்கின்றன. பேரம் பேச இதைவிட நல்ல நேரம் வராது.

அடுத்தது, படிக்கும் தம்பி தங்கைகளுக்கு. அந்த 7,000 வேலை என்ற மதிப்பீட்டில் லாரி ஓட்டுவதும் காவல் காப்பதும் மட்டும் நமக்கு என்றால், ரப்பர் காலத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. பிரித்தெடுக்கத் தெரிந்த வேதியியல் பொறியாளர் வேண்டும், கதிரியக்கம் அளக்கத் தெரிந்த பாதுகாப்பு அதிகாரி வேண்டும், இரண்டு பேரையும் கேள்வி கேட்கத் தெரிந்த வழக்கறிஞரும் வேண்டும். நம்ம ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பொறியியல் இருக்கிறது. நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கனிமவளப் பொறியியல் என்றே ஒரு துறை இருக்கிறது. எஸ்பிஎம் முடித்துவிட்டு என்ன படிப்பது என்று வீட்டில் பேசும்போது, மருத்துவம், சட்டம், கணினி என்ற மூன்று கதவுக்குப் பக்கத்தில் இதையும் ஒரு கதவாகத் திறந்து காட்டுங்கள், பெற்றோர்களே.

அடுத்த முறை உங்கள் தொகுதிப் பிரதிநிதி கோயில் திருவிழாவுக்கோ தீபாவளி உபசரிப்புக்கோ வருவார். கைகுலுக்கிப் படம் எடுத்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். “ஐயா, நம்ம மாநிலத்துல இதைத் தோண்டினா, மிச்சத்தை எங்க வைப்பீங்க?” பதில் உடனே வராவிட்டால் பரவாயில்லை, தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள். காலை நிகழ்ச்சியில் உங்கள் குரலிலேயே ஒலிபரப்புவோம்.